தையல் இயந்திரத்தில் சேலைப் போர்வை

நமது கிராமங்களில் தையல் இயந்திரம் இல்லாத தெரு அரிது. சமூக நலத்துறை இலவசமாக வழங்கியவையும், மகளிர் சுய உதவிக் குழுக் கடனில் வாங்கியவையும், சீராக வந்தவையுமாகப் பல இயந்திரங்கள் இருக்கின்றன. ஆயினும், ஆயத்த ஆடைகள் சந்தையெங்கும் குவிந்துவிட்ட பின்னர், பண்டிகைக் காலம் நீங்கலாக அவற்றுள் பல மூலையில் உறையிட்டு நிற்பதைக் காண்கிறோம். அதே வீட்டுப் பரணில் பழைய பருத்திச் சேலைகள் மூட்டையாகக் கிடக்கின்றன. இவ்விரண்டையும் பயன்படுத்தும் எளிய வேலையொன்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

பழைய சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது நம் நாட்டுக்குப் புதிதன்று. வங்காளத்தில் இதனைக் காந்தா என்பர். வட கர்நாடகத்தில் கௌதி என்பர். இவை கைத்தையலால் ஆவன. ஒன்று முடியப் பல நாள் செல்லும். இயந்திரத் தையல் கைத்தையலுக்குத் தாழ்ந்தது என்னும் எண்ணம் பிற நாடுகளிலும் இருந்ததுதான். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் பதூகா நகரின் போர்வைக் கண்காட்சியில், 1989ஆம் ஆண்டில் கேரல் பிரையர் ஃபாலர்ட் என்னும் அம்மையார் இயந்திரத்தில் தைத்த போர்வை முதற்பரிசு பெற்றது. அதற்கு முன் அங்கே அப்பரிசைப் பெற்றவை யாவும் கைத்தையற் போர்வைகளே.

வழக்கமான தையலில் ஊசித் தகட்டிலுள்ள பற்கள் துணியை இழுத்துச் செல்லும். கோடு நேராக அமையும். வளைவு வேண்டுமாயின் துணியைத் திருப்ப வேண்டும். பெரிய போர்வையை இயந்திரத்தின் கழுத்துக்குள் அவ்வாறு திருப்ப இயலாது. அங்கு இருப்பது சாணளவு இடமே. ஆகையால் பற்களின் வேலையை நிறுத்திவிட்டு, துணியைக் கையாலேயே எத்திசையிலும் நகர்த்தித் தைக்கிறோம். வளையமிட்டுப் பூவேலை செய்யும் தையற்காரர்கள் கையாளும் முறையும் இதுவே. சில இயந்திரங்களில் பற்களை இறக்கத் திருகு உண்டு. இல்லாதவற்றில் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் நிறுத்தினாற் போதும். சாதாரண ஃபூட்டைக் கழற்றி, டார்னிங் ஃபூட் மாட்ட வேண்டும். உதிரிப் பாகக் கடையில் இயந்திரத்தின் வகையைச் சொல்லி வாங்குவது நலம். வெறும் ஊசியைக் கொண்டு தைப்போரும் உண்டு. கற்பவர்களுக்கு அது தகாது, விரலுக்கு ஆபத்து.

ஐந்தரை மீட்டர் சேலை ஏறக்குறைய 18 அடி. அதனை நான்காக மடித்தால் நாலரை அடி நீளமும் சேலையின் அகலமும் கொண்ட நான்கு அடுக்கு கிடைக்கும். குழந்தைக்குப் போர்வையாக இது போதும். நைலான் கலந்த சேலை வேண்டாம். அது வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது. அடுக்குகளைச் சுருக்கமின்றி விரித்து, நான்கு அங்குலத்துக்கு ஓர் ஊக்காகக் குத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துச் செல்ல வேண்டும். தையல் அருகே வர வர ஊக்குகளை எடுத்துவிட வேண்டும். 14 அல்லது 16 எண் ஊசி பொருந்தும்.

தொடங்குமுன் கீழ் நூலை மேலே இழுத்துக் கொள்ளுதல் அவசியம். ஃபூட்டின் கைப்பிடியை இறக்கவும் மறக்கலாகாது. அதை இறக்காவிடில் மேல் நூலுக்கு இறுக்கம் கிடையாது. துணியின் அடியில் நூல் குருவிக்கூடு போலச் சுற்றிக்கொள்ளும். புதிதாகக் கற்போர் இயந்திரம் பழுதென்று எண்ணுவது பெரும்பாலும் இதனால்தான்.

கால் சீராக மிதிக்க, கை சீராக நகர வேண்டும். கை விரைந்தால் தையல் நீளும். தயங்கினால் தையல் ஓரிடத்தில் குவியும். இரு உள்ளங்கைகளையும் ஊசிக்கு இருபுறமும் படிய வைத்து, ஊசியைப் பாராமல், கோடு செல்ல வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

எந்த உருவத்தைத் தைப்பது? நம் பெண்களுக்கு இது கடினமன்று. சிக்குக் கோலத்தில் கையெடாமல் ஓர் இழையை ஓட்டிப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கோலத்தில் தரை நிற்க, கை ஓடுகிறது. இங்கே ஊசி நிற்க, தரை ஓடுகிறது. கோடு வலப்புறம் செல்ல, துணி இடப்புறம் நகர வேண்டும். இது கைக்குப் பழகும்வரை, ஓரடிச் சதுரத் துணியில் நாள்தோறும் கால் மணி நேரம் தைத்துப் பார்த்தல் நன்று. முதலில் ஒன்றையொன்று வெட்டாமல் ஆறுபோல் வளைந்தோடும் கோடு. பின்னர் இடையிடையே சிறு கண்ணி விழும் கோடு. இவ்விரண்டும் கைவந்தால், சுருளும் இலையும் தாமே வரும். முதலில் சிலேட்டில் வரைந்து பார்ப்பது பாதிப் பயிற்சி.

இவற்றை வெறும் அலங்காரமென்று கருதுதல் கூடாது. சேலை அடுக்குகளுக்கிடையே பஞ்சு வைப்பதாயின், வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படிப் பஞ்சுக்குத் தையல். கோடுகளுக்கிடையே கையகலத்துக்கு மேல் வெற்றிடம் விட்டால், முதற் சலவையிலேயே பஞ்சு ஒருபுறம் திரண்டு, போர்வை கெட்டுவிடும். காசு கொடுத்து வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. போர்வை மேசையிலிருந்து தொங்கினால் அதன் பாரம் துணியை இழுத்துத் தையலைக் கோணலாக்கும். வீட்டு இயந்திரத்தின் பலகையோ சிறியது. சமுதாயக் கூடத்தில், இயந்திரத்தின் பலகை உயரத்துக்கு இரண்டு அகன்ற மேசைகளை இட்டு, பிற்பகலில் பெண்களுக்குத் திறந்துவிடலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கூட்டத் தீர்மானம் ஒன்று போதும்.

தைத்து முடிந்தபின் ஓரங்களை வெட்டிச் சமமாக்கி, வேறொரு சேலையின் கரையை இரண்டரை அங்குல அகலத்தில் கிழித்து மடித்துச் சுற்றிலும் தைக்கலாம். அக்கரை சாயம் போகுமா என்று ஒரு மூலையை நனைத்து முன்பே பார்த்துக் கொள்ள வேண்டும். பழைய சேலை ஏற்கெனவே சுருங்கியது. புதுத் துணி எதையேனும் சேர்ப்பதாயின், அதனை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும்.