மனநோய்க்கு மருந்து ஏன் இரண்டு மூன்றுதான்?



சென்ற மாதம் ஓர் அம்மா இரண்டு மருந்துப் பைகளை என் மேசை மேல் கொட்டினார். ஒன்று அவருடையது. இனிப்பு நீருக்கு இரண்டு வகை, ரத்தக் கொதிப்புக்கு இரண்டு வகை, கொழுப்புக்கு ஒன்று. மற்றது பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் மகனுடையது. அதில் இருந்தது இரண்டே மாத்திரை. "ஐயா, எனக்கு இத்தனை கொடுக்கிறாங்க. புத்தி தடுமாறிப்போன பிள்ளைக்கு இவ்வளவுதானா? டாக்டர் சரியாப் பார்க்கலையோ?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இந்தப் பாடம் அதற்குத்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 1977 முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு வருகிறது. இன்று அதில் 500க்கு மேற்பட்ட மருந்துகள் உண்டு. மனநோய்ப் பகுதி அதில் ஒரு சிறு பங்குதான். காரணம் என்ன? காய்ச்சல் என்றால் ரத்தம் எடுத்து எந்தக் கிருமி என்று பல நேரம் கண்டுபிடிக்கலாம், பல கிருமிகளுக்கு ஏற்ற மருந்தும் உண்டு. ரத்தக் கொதிப்பை அளக்கக் கருவி இருக்கிறது. மனத்தை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை. டாக்டர் பேசித்தான், பார்த்துத்தான், வீட்டாரைக் கேட்டுத்தான் அறிகிறார். அதனால் மனநோய் மருந்துகளை நான்கு பெரிய வகையாகப் பிரித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதல் வகை, இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் கொள்வது இவற்றுக்கு: குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சாபின். இரண்டாவது, மனச்சோர்வுக்கு: செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம். மூன்றாவது, ஒரு காலம் அளவு மீறிய உற்சாகமும் ஒரு காலம் பெரும் சோர்வும் வருபவர்களுக்கு: லித்தியம், வால்ப்ரோயேட். நான்காவது, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும்: டயசெபாம் போன்றவை. இந்த நான்காவது வகையை நெடுநாள் சாப்பிட்டால் பழக்கமாகிவிடும். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் கூடாது.

இவற்றில் பல, வேறு நோய்க்காகத் தேடியபோது கிடைத்தவை. குளோர்ப்ரோமசினை பிரான்சில் ஆபரேஷனுக்கு உதவும் மருந்தாகத்தான் முதலில் பார்த்தார்கள். 1952இல் அது மனநோய்க்கும் பலன் தருவது தெரிந்தது. அதே காலத்தில் காசநோய்க்குக் கொடுத்த ஒரு மருந்து நோயாளிகளின் மனச்சோர்வைக் குறைத்தது. நம் நாட்டு வைத்தியத்தில் உள்ள சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மருந்தை ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் கொடுத்திருக்கிறார்கள். வால்ப்ரோயேட் வலிப்பு மருந்துதான். இனிப்பு நீரால் கால் எரிகிறவர்களுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான். தலைசுற்றலுக்கு நான் கொடுக்கும் ஸ்டெமெட்டில் இருக்கிறதே, அதுவும் குளோர்ப்ரோமசினுக்குத் தம்பி முறை. நீங்களே சாப்பிட்டிருப்பீர்கள். ஆகவே மாத்திரையில் வெட்கப்பட எதுவுமில்லை. "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று லயத்தில் கேலி பேசுவதை நாம் நிறுத்த வேண்டும்.

மருந்து குறைவு என்பதால் அது லேசான மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். இதை நான் என் தவற்றால் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் இடுப்பு வலி என்று வந்தார். ஐந்து நாளுக்கு டைக்லோஃபெனாக் கொடுத்தேன். வேறு மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்கவில்லை. அவரும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நான்காம் நாள் கை நடுங்கியது, நடை தள்ளாடியது, வாந்தி வேறு. சம்சு போட்டுவிட்டார் என்றார்கள் பக்கத்து வீட்டார். அவர் சாப்பிட்டது லித்தியம். வலி மாத்திரையும், வெயிலில் வியர்வையாகப் போன நீரும் உப்பும் சேர்ந்து லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிட்டன. உடனே கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து "வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்காமல் நான் வலி மாத்திரை கொடுப்பதில்லை.

மனதில் வைக்க வேண்டியவை:

1. எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள். நாட்டு மருந்தையும் காட்டுங்கள்.

2. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வேலையில் போதுமான தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பாட்டு உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை நாளைத் தவறவிடக் கூடாது. கை நடுக்கம் கூடினாலோ வாந்தி பேதி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. குளோர்ப்ரோமசின் சாப்பிட்டால் வெயில் தோலைச் சுடும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

4. மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஒரு வாரத்தில் "கேட்கலை" என்று எறிந்துவிடாதீர்கள்.

5. குணமானது போல் தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. கழுத்து இழுத்தல், நடுக்கம், தூக்கம், உடம்பு பருத்தல் என்று தொல்லை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

6. டயசெபாமும் மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

மந்திரிக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் போங்கள், தடுக்கவில்லை. மாத்திரையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உயிர் வேண்டாம் என்று யாராவது பேசினால் தனியே விடாதீர்கள். களைக்கொல்லியைப் பூட்டி வையுங்கள். 15555 என்ற அரசாங்க எண்ணுக்கு அழையுங்கள். தற்கொலை முயற்சி 2023 முதல் நம் நாட்டில் குற்றமல்ல. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: "மாத்திரை எத்தனை என்று எண்ணாதீங்க. மகன் தினமும் சாப்பிடுறானா என்று எண்ணுங்க." இப்போது ஒவ்வோர் இரவும் மகனுக்குப் போன் போட்டுக் கேட்கிறாராம். அதுவும் மருந்துதான்.