வெள்ளையடிப்பு வேறு, காரை வேறு

நம்பிக்கை: சுண்ணாம்புப் பூச்சு என்றால் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுதான்.

உண்மை: இரண்டிலும் சுண்ணாம்பு உண்டு, ஆனால் வேலை வேறு. வெள்ளை என்பது நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீராய்க் கரைத்து மட்டையால் அடிப்பது. தாள் கனம்தான் இருக்கும். காரை என்பது சுண்ணாம்பையும் மணலையும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, கரண்டியால் முக்கால் அங்குலம் வரை ஏற்றுவது. செங்கல்லைக் காப்பது காரைதான். அது பொரிந்த இடத்தில் வெள்ளையை அடித்து மூடினால் அடுத்த ஐப்பசி மழைக்கு இரண்டும் சேர்ந்தே உதிரும்.

நம்பிக்கை: உப்புக் காற்றுக்குச் சிமெண்ட் பூச்சுதான் தாங்கும்.

உண்மை: நாகப்பட்டினத்தில் பழைய வீடுகளை அதிகம் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். புதுக் கான்கிரீட் வீட்டுக்குச் சிமெண்ட் சரி. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தில் உப்பும் ஏறும். காரை வழியே ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும், உப்பு காரையிலேயே பூக்கும். சில ஆண்டுகளில் காரை உதிரும். உதிரட்டும், மறுபடி பூசிக்கொள்ளலாம். செங்கல் பிழைத்தது. சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழியில்லை. அடியில் மூன்றடிக்குப் பூசிய வீடுகளைப் பாருங்கள்: நாலாவது அடியில் ஈரம் தலைகாட்டியிருக்கும். பூச்சைத் தட்டினால் 'டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும். பெயர்த்தால் உள்ளே செங்கல் மாவாய்க் கொட்டும், ஏனென்றால் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பிளந்திருக்கிறது.

வடக்கே தரங்கம்பாடியில் டேனியர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1620-ல். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்ததே 1824-ல்தான். அலைக்கு நேரெதிரே, அவ்வப்போது பழுது பார்க்கப்பட்டு, கோட்டை இன்றும் நிற்கிறது.

நம்பிக்கை: வெதர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் ஓதம் நின்றுவிடும்.

உண்மை: அது வெளியிலிருந்து அடிக்கும் மழையைத் தடுக்கும். அடியிலிருந்து ஏறும் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். பெயிண்ட் கொப்புளித்து உரியும்.

பழைய சுவர் வைத்திருப்பவர்கள் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், அது கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளி அப்புறப்படுத்துங்கள். சிமெண்டைப் பக்குவமாகக் கொத்தி எடுத்து, கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, அதன்பின் காரை பூசச் சொல்லுங்கள். செலவும் நாளும் கூடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும்; கோயில் திருப்பணிக்குப் போகிறவர்களிடம் விசாரிக்கலாம். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடற்கரை மணலோடு உப்பும் சேர்ந்தே வரும்.