லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்கள்: வைன் இயங்கும் விதம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி பதிய டிபிஎம் 2.0 வசதியும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸரும் தேவை. இவை இல்லாத, ஆனால் நன்றாக இயங்கும் கம்ப்யூட்டர்கள் பல வீடுகளிலும் கடைகளிலும் உள்ளன. இவற்றில் லினக்ஸ் பதிந்து கொள்ளலாம் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி: "நான் வைத்திருக்கும் பழைய புரோகிராம் அதில் ஓடுமா?"

பெரும்பாலும் ஓடும். அதற்கு உதவுவது வைன் என்னும் இலவச மென்பொருள். ஆனால் உங்கள் புரோகிராம் ஓடுமா என்பதை விண்டோஸை அழிப்பதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். அதற்கான காரணத்தையும் வழியையும் இங்கே பார்ப்போம்.

வைன் என்ன செய்கிறது?

வைன் 1993-ல் தொடங்கப்பட்ட திட்டம். 1994 முதல் இதை அலெக்சாண்டர் ஜூலியார்ட் வழிநடத்தி வருகிறார். 15 வருட உழைப்புக்குப் பின் 2008 ஜூன் மாதம் 1.0 பதிப்பு வெளியானது. "வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்" என்பதன் சுருக்கமே வைன். அதாவது இது எமுலேட்டர் அல்ல.

ஒரே இன்டெல் அல்லது ஏஎம்டி கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் பிராசஸர் புரிந்துகொள்ளும் கட்டளைகள் ஒன்றுதான். வேறுபடுவது, புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் உதவி கேட்கும் முறை. ஃபைலைத் திறக்க விண்டோஸ் புரோகிராம் "கிரியேட்ஃபைல்" என்ற பங்ஷனை அழைக்கும். லினக்ஸில் அந்தப் பெயரில் எதுவும் கிடையாது. வைன் அதே பெயரில் தன் சொந்த பங்ஷனை எழுதி வைத்திருக்கிறது. அது வேலையை லினக்ஸிடம் சொல்லி முடித்து, விண்டோஸ் தருவது போலவே விடையைத் திருப்பித் தருகிறது. புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது.

விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருட்களில் முழு விண்டோஸையும் பதிய வேண்டும். அதற்கு லைசென்ஸும் அதிக ரேமும் தேவை. வைனுக்கு இவை தேவையில்லை. வேகமும் பெரிதாகக் குறையாது. ஆனால் உங்கள் புரோகிராம் அழைக்கும் பங்ஷன் வைனில் எழுதப்படாமலோ அரைகுறையாகவோ இருந்தால், அந்த இடத்தில் புரோகிராம் நின்றுவிடும். முதல் திரை வந்துவிட்டது என்பதால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது.

ஓர் உதாரணம்

என் மாமாவின் ஹார்டுவேர் கடையில் விஷுவல் பேசிக் 6-ல் எழுதப்பட்ட பில்லிங் புரோகிராம் ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. கடன் கணக்கு முழுவதும் ஒரே அக்சஸ் ஃபைலில் இருக்கிறது. நான் லினக்ஸ் மின்டுக்கு அதை மாற்றிய முறை இது:

1. முதலில் டேட்டா போல்டரை இரண்டு பென் டிரைவ்களில் காப்பி எடுத்தேன்.

2. விண்டோஸை அழிக்காமல், அதன் பக்கத்திலேயே தனிப் பார்ட்டிஷனில் லினக்ஸ் பதிந்தேன். சாஃப்ட்வேர் மேனேஜரில் வைன், வைன்ட்ரிக்ஸ் இரண்டையும் தேடி இன்ஸ்டால் செய்தேன்.

3. வைன்ட்ரிக்ஸ் மூலம் விஷுவல் பேசிக் 6 ரன்டைம், அக்சஸ் ஃபைலைப் படிக்கும் ஜெட் 4.0 ஆகியவற்றைச் சேர்த்தேன்.

4. பழைய சிடியில் இருந்த செட்அப் ஃபைலை வைனில் இயக்கினேன். புரோகிராம் போல்டரை மட்டும் காப்பி செய்தால் போதாது. இத்தகைய புரோகிராம்கள் சில ஃபைல்களை ரிஜிஸ்ட்ரியில் பதிவு செய்யும். அதைச் செட்அப்தான் செய்து தரும்.

5. பிறகு டேட்டா ஃபைலை உரிய போல்டரில் வைத்தேன். ஹோம் போல்டரில் புள்ளியில் தொடங்கும் பெயருடன் மறைந்திருக்கும் வைன் போல்டருக்குள் "டிரைவ்_சி" என்று ஒன்று இருக்கும். அதுதான் புரோகிராமின் கண்ணுக்கு சி டிரைவ்.

புரோகிராம் திறந்தது. ஆனால் பில்லில் தொகைகள் வரிசை மாறி அச்சாயின. ஏரியல் ஃபான்ட் இல்லாததே காரணம். வைன்ட்ரிக்ஸில் கோர்ஃபான்ட்ஸைச் சேர்த்ததும் சரியானது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டையும் டிரைவ்_சி-யில் விண்டோஸ் போல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் போல்டரில் வைத்த பிறகே பொருட்களின் தமிழ்ப் பெயர்கள் தெரிந்தன.

எவை ஓடாது?

விண்டோஸ் டிரைவர்களை வைனில் நம்ப வேண்டாம். பிரின்டரும் ஸ்கேனரும் லினக்ஸின் சொந்த டிரைவரில் இயங்க வேண்டும். விண்டோஸுக்கான ஆன்டி வைரஸ் பயன்படாது. டாங்கிள் செருகினால் மட்டுமே திறக்கும் புரோகிராம்கள் பல மறுத்துவிடும். பழைய தமிழ் டைப்பிங் புரோகிராம், வைனுக்கு வெளியே உள்ள லினக்ஸ் புரோகிராம்களில் வேலை செய்யாது. அங்கே ஐபஸ் தரும் யூனிகோட் தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்துங்கள்.

விளையாட்டுப் பிரியர்களுக்கு வால்வ் நிறுவனம் 2018-ல் வைனை அடிப்படையாகக் கொண்டு புரோட்டானை வெளியிட்டது. ஸ்டீம் மூலம் வாங்கிய விண்டோஸ் கேம்கள் பல இதனால் லினக்ஸில் ஓடுகின்றன. ஆன்டி-சீட் உள்ள சில ஆன்லைன் கேம்கள் மட்டும் அனுமதிப்பதில்லை.

பாதுகாப்பு

வைனில் விண்டோஸ் வைரஸும் ஓடக்கூடும். வைன் உங்கள் லினக்ஸ் ஃபைல்களை இசட் டிரைவாகக் காட்டுவதால், வைரஸ் உங்கள் போட்டோக்களையும் ஆவணங்களையும் தொட முடியும். எனவே தெரியாத புரோகிராம்களை இயக்காதீர்கள். ரூட் யூசராக வைனை ஒருபோதும் இயக்காதீர்கள். தேவையில்லை என்றால் வைன் கான்பிகரேஷனில் டிரைவ்ஸ் பகுதிக்குச் சென்று இசட் டிரைவை நீக்கிவிடலாம்.

விண்டோஸை அழிக்கும் முன்

ஒரு மாதமாவது இரண்டையும் வைத்திருங்கள். புதிய பில் போடுங்கள், பழைய பில்லைத் திருத்துங்கள், அச்சிடுங்கள், மூடித் திறந்து டேட்டா சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். வருடத்தில் ஒரு முறை மட்டும் எடுக்கும் அறிக்கையையும் இப்போதே எடுத்து, விண்டோஸில் எடுத்த தொகையுடன் ஒப்பிடுங்கள். அந்த அறிக்கையில்தான் மாமாவின் புரோகிராம் ஒரு முறை நின்றது. ஜெட் 4.0 உடன் எம்டிஏசி 2.8-ஐயும் சேர்த்த பிறகு சரியாக வந்தது. விண்டோஸ் பக்கத்திலேயே இருந்ததால் அன்று கடையில் பில் போடுவது தடைபடவில்லை.