வேப்பெண்ணெய்: மேலுக்குப் பூசலாம், குழந்தைக்குப் புகட்டலாமா?

வீட்டில் பிள்ளை பிறந்தால் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் வந்து சேரும். பக்கத்தில் ஒரு வேப்பெண்ணெய்ப் பாட்டிலும் இருக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிற எண்ணெய்தான். எளிதாகக் கிடைப்பதால், இதில் ஆபத்து ஏதும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

வேப்பங்கொட்டைப் பருப்பை ஆட்டி எடுப்பது இந்த எண்ணெய். ஆயுர்வேதம் வேம்பை நிம்பம் என்கிறது. சொறி, சிரங்கு, படை, ஆறாத புண், பேன் ஆகியவற்றுக்கு மேலே பூசுவதே இதன் முக்கியமான உபயோகம். சித்த வைத்தியத்திலும் அப்படியே. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சிகளின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. விவசாயிகள் இதைப் பயிருக்குத் தெளிப்பது அதனால்தான்.

பேனுக்குத் தடவுவதாக இருந்தால் தேங்காயெண்ணெய் கலந்து தடவுங்கள், கண்ணில் படக்கூடாது. தனி எண்ணெய் சிலர் தோலில் எரிச்சல் தரும். முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சளிக்கும் பூச்சிக்கும் என்று கைக்குழந்தைக்குச் சங்கில் வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் தமிழர்கள் போன இடமெல்லாம் போயிருக்கிறது. மலேசியாவில் இப்படிப் பாதிக்கப்பட்ட 13 குழந்தைகளைப் பற்றி, 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் டாக்டர்கள் எழுதினார்கள். வாந்தி, மயக்கம் போன்ற தூக்கம், வேகமான மூச்சு, திரும்பத் திரும்ப வலிப்பு. இந்த நஞ்சு ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடியது, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது.

"எங்கள் நன்னி கொடுத்துத்தானே நாங்கள் வளர்ந்தோம்?" என்று கேட்பீர்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி ஆவதில்லை. அன்று வலிப்பு வந்த குழந்தைக்கு 'மாந்தம்' என்று பெயர் வைத்துவிட்டால், எண்ணெயை யார் சந்தேகப்படுவார்கள்? வேப்பங்கொழுந்து தின்பதையும் இதற்குச் சான்றாகச் சொல்ல முடியாது. இலை வேறு, கொட்டையிலிருந்து பிழிந்த எண்ணெய் வேறு. கடையில் விளக்குக்கும் சோப்புக்கும் விற்கிற எண்ணெய் மருந்துக்காகச் சுத்தம் செய்ததும் அல்ல.

ஆகவே குழந்தைக்கு ஒரு சொட்டுகூட உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளும், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். கருத்தடைக்கு இது உதவுமா என்று நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

தெரியாமல் யாராவது குழந்தைக்குப் புகட்டிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் ஊற்றிப் பார்க்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு போங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் சென்று, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். பெரியவர்கள் சங்கடப்பட்டு இதை மறைத்தால் டாக்டர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.

நாட்டு வைத்தியம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவ மருத்துவமனை இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக பஸ்ஸிலேயே போய்விடலாம்.