ஆடுகளை மலடாக்கிய பசுந்தீவனம்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் நல்ல பசுந்தீவனம் மேய்ந்த செம்மறிகளே மலடாகிப் போயினவாமே, உண்மையா? அது எப்படித் தொடங்கியது?

பதில்: உண்மைதான். 1889இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் அருகே ஏமஸ் ஹோவர்ட் என்ற விவசாயி, தானாக முளைத்துக் கிடந்த ஒருவகைக் கிளோவர் செடியைக் கவனித்தார். நிலக்கடலையைப் போலக் காயை மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும் செடி அது. அடுத்த மழைக்குத் தானே முளைக்கும், மண்ணில் நைட்ரஜனும் சேர்க்கும். பிற்பாடு மேற்கு ஆஸ்திரேலியாவின் சத்தற்ற மணல் நிலங்களில் சூப்பர் பாஸ்பேட் தூவி இதை விதைத்தார்கள். ஆடுகள் பெருகின.

1940களில் அங்கேதான் தொல்லை வெளிப்பட்டது. கிடா சேர்ந்தும் ஆடுகள் சினை பிடிக்கவில்லை. சினையானவற்றில் பல குட்டி போட முடியாமல் தவித்தன; சிலவற்றுக்குக் கர்ப்பப்பை வெளியே தள்ளியது. கிடா சேராத ஆட்டுக்கு மடி சுரந்தது. காயடித்த கிடாவுக்கும் பால் வந்தது! 1946இல் பென்னெட்ஸ், அண்டர்வுட், ஷியர் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இந்தக் கிளோவர்தான் காரணம் என்று எழுதினார்கள்.

செடியிலுள்ள ஃபார்மோனோனெட்டின் என்ற பொருளுக்குத் தனியே வீரியம் குறைவு. ஆட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதை ஈக்குவால் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. உடல் அதைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் என்றே எடுத்துக்கொள்கிறது.

அதனால் கெடுவது என்ன என்று புரிய, ஆட்டின் இயல்பு தெரிய வேண்டும். இனச்சேர்க்கைக் காலத்தில் பெட்டை ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அப்போது ஈஸ்ட்ரோஜன் ஏறி, கருப்பைவாய் தெளிந்த சளியை ஏராளமாகச் சுரக்கும். பருவம் கடந்ததும் புரொஜெஸ்டிரோன் ஓங்கி, சளி குறைந்து கெட்டிப்படும். செம்மறியின் கருப்பைவாய் மடிப்பு மடிப்பாக வளைந்து செல்வது. விந்தணுக்கள் சளியின் துணையோடு அந்த மடிப்புகளில் தங்கி, சிறிது சிறிதாக மேலேறும்.

ஆண்டுக்கணக்கில் பச்சைக் கிளோவர் மேய்ந்த ஆட்டில் இந்தக் கருப்பைவாயே உருமாறி, கருப்பையின் உட்சுவரைப் போல ஆகிவிடுகிறது. சளி நீர்த்துப்போகிறது. ஆடு பருவத்துக்கு வருகிறது, சினைமுட்டை வெளியாகிறது, கிடாவும் சேருகிறது; விந்தணு தங்கத்தான் இடமில்லை. வெளிப்பார்வைக்கு ஆடு கொழுத்து, நலமாகவே இருக்கும். வளர்ப்பவர் வருடக்கணக்கில் கிடாவைக் குறை சொல்லிக்கொண்டிருக்கலாம். இந்த நோயின் கொடுமையே அதுதான் என்பேன்.

கொஞ்ச காலம் மேய்ந்தவை, மேய்ச்சலை மாற்றினால் சில வாரங்களில் தேறிவிடும். உருமாறிய கருப்பைவாய் பழைய நிலைக்குத் திரும்பாது. செடி காய்ந்தால் வீரியம் பெரிதும் இறங்கிவிடும் என்பதால், அது பச்சையாக நிற்கும் மழைக்காலம்தான் ஆபத்தானது. டுவால்கனப் என்ற பழைய ரகத்தில் இந்தப் பொருள் மிகுதி. பிறகு அது குறைந்த ரகங்களை உருவாக்கினார்கள்.

கேள்வி: நம் ஊர்க் குதிரைமசாலிலும் இது உண்டா?

பதில்: அதிலிருப்பது கூமெஸ்ட்ரால் என்ற வேறு பொருள். நல்ல செடியில் குறைவு. இலைப்புள்ளி நோயோ அசுவினியோ தாக்கினால் கூடும். தின்ற ஆட்டில் சினைமுட்டை எண்ணிக்கை குறையலாம். கிடா சேர்க்கும் சமயத்தில் அப்படிப்பட்ட குதிரைமசாலைப் பெட்டைகளுக்குப் போடாதீர்கள்.