ஒரே பாட்டுப்பெட்டி, பல கைகள்

மாணவர்களே, தீபாவளி அன்று உங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பறையில் இருப்பது ஒரே ஒரு ஒலிபெருக்கி. பாட்டுப் போட விரும்புகிறவர்களோ பலர். மாமா பழைய பாடல் கேட்கிறார். தங்கை புதுப் பாடல் கேட்கிறாள். பாட்டி தமக்குப் பிடித்த ஒரு பாடலைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, அது எப்போது வரும் என்று காத்திருக்கிறார்.

யாராவது ஒருவரின் கைப்பேசியை ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டால் போதாதா? போதாது. அவருக்கு அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். அவர் வீட்டுக்குக் கிளம்பினால் பாட்டும் அவரோடு போய்விடும். மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் அவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பாட்டை ஒலிக்கச் செய்யும் வேலையை ஒரு கணினியிடம் விட்டுவிட்டு, அதைக் கட்டுப்படுத்தும் வேலையைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தும்போது பாட்டியின் பாடல் காணாமல் போய்விடக் கூடாது. அதை எப்படிக் காப்பது என்பதுதான் இந்த வாரப் பாடம்.

பாடுவது ஒன்று, காட்டுவது வேறு

‘மியூசிக் பிளேயர் டீமன்’ என்பது 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு கட்டற்ற மென்பொருள். சுருக்கமாக எம்பிடி என்பார்கள். இதைத் திறந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. சாளரம் இல்லை, பொத்தான் இல்லை, படம் இல்லை. பின்னணியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பாடல் கோப்புகளைப் படித்து, ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை.

இப்படிப் பின்னணியில் ஓடும் நிரல்களுக்கு ‘டீமன்’ என்று பெயர். இந்தச் சொல் இயற்பியலிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல் ஒரு சிந்தனைச் சோதனையில், வாயு மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்து அனுப்பும் ஒரு குட்டி உருவத்தைக் கற்பனை செய்தார். அதற்கு ‘மேக்ஸ்வெல்லின் டீமன்’ என்ற பெயர் நிலைத்தது. 1960களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர்கள், ஓயாமல் வேலை செய்யும் பின்னணி நிரல்களுக்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள்.

அப்படியானால் பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்குத்தான் சாளர நிரல்கள் இருக்கின்றன. கன்டாட்டா, சொனாட்டா போன்றவை அந்த வகையைச் சேர்ந்தவை. கைப்பேசிக்கும் இத்தகைய செயலிகள் உண்டு. இவற்றில் ஒன்றை உங்கள் மடிக்கணினியில் திறந்தால், முதலில் மூன்று விவரங்களைக் கேட்கும்: எம்பிடி ஓடும் கணினியின் முகவரி, அதன் வாயில் எண், கடவுச்சொல் இருந்தால் அது. வாயில் எண் வழக்கமாக 6600. இணைப்புக் கிடைத்ததும், அந்தக் கணினியில் உள்ள பாடல்களும் ஒலிக்கக் காத்திருக்கும் வரிசையும் உங்கள் திரையில் தோன்றும்.

உணவகத்தை நினைத்துப் பாருங்கள். சமையலறை ஒன்றுதான். ஆனால் மேசைகளுக்குச் சென்று ஆர்டர் எடுப்பவர்கள் பலர். எம்பிடி சமையலறை போன்றது. இதைச் சேவையகம் என்கிறோம். சாளர நிரல் ஆர்டர் எடுப்பவர் போன்றது. இதைக் கிளையண்ட் என்கிறோம். ஆர்டர் எடுப்பவர் வீட்டுக்குப் போய்விட்டாலும் அடுப்பு அணையாது. அதுபோலவே, சாளரத்தை மூடினாலும், மடிக்கணினியையே அணைத்தாலும், பாட்டு தொடர்ந்து ஒலிக்கும்.

வலையில் போவது எவ்வளவு?

நீங்கள் முக்கோணப் பொத்தானை அழுத்தினால் பாட்டு உங்கள் மடிக்கணினியிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகிறதா? இல்லை. போவது ஒரு சின்ன வரி மட்டுமே. ஆங்கிலத்தில் ‘ப்ளே’ என்ற சொல்லுக்கு 4 எழுத்துகள். வரி முடிந்தது என்று சொல்ல இன்னொரு குறி. ஆக மொத்தம் 5 பைட். சேவையகம் ‘ஓகே’ என்று 3 பைட்டில் பதில் சொல்லும்.

இதோடு ஒரு பாடலின் அளவை ஒப்பிடுங்கள். நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் பதிவான 4 நிமிடப் பாடல் என்றால், நொடிக்கு 40,000 பைட். 240 நொடிக்கு 96 இலட்சம் பைட், அதாவது ஏறக்குறைய 9.6 மெகாபைட். பாடல் கோப்பு சேவையகக் கணினியிலேயே இருந்தால், அந்தச் சுமை வைஃபையில் ஏறுவதே இல்லை. அதனால்தான் பழைய மடிக்கணினியோ, ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய கணினியோ இந்த வேலைக்குப் போதுமானது.

திரையில் இருப்பது ஒரு படம்தான்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். உங்கள் திரையில் தெரியும் பாடல் வரிசை எங்கே இருக்கிறது? உண்மையான வரிசை சேவையகத்தில் இருக்கிறது. உங்கள் திரையில் இருப்பது அதன் படம். தங்கையின் கைப்பேசியில் இருப்பது அதே வரிசையின் இன்னொரு படம்.

உண்மை மாறும்போது படமும் மாற வேண்டும். அதற்கு எம்பிடியில் ‘ஐடில்’ என்ற கட்டளை உண்டு. ‘ஏதாவது மாறினால் என்னிடம் சொல், அதுவரை காத்திருக்கிறேன்’ என்பது அதன் பொருள். யாராவது வரிசையை மாற்றினாலோ ஒலி அளவைக் கூட்டினாலோ, காத்திருக்கும் எல்லா நிரல்களுக்கும் சேவையகம் செய்தி அனுப்பும். அவை புதிய நிலையைக் கேட்டு வாங்கித் திரையைத் திருத்திக்கொள்ளும்.

இது மிக வேகமாக நடக்கும். ஆனால், செய்தி வந்து சேர நொடியில் ஒரு சிறு பகுதியாவது ஆகும். வைஃபை மந்தமாக இருந்தால் இன்னும் கூடுதலாகும். அந்த இடைவெளியில் உங்கள் திரை காட்டுவது பழைய படம். பிழை நுழைவது இந்த இடைவெளியில்தான்.

பாட்டியின் பாடல் எப்படிக் காணாமல் போகும்?

வரிசையில் 8 பாடல்கள் இருக்கின்றன. எம்பிடி இடங்களை 0 முதல் எண்ணும். எனவே இடங்கள் 0 முதல் 7 வரை. பாட்டியின் பாடல் 6ஆம் இடத்தில் இருக்கிறது. 5ஆம் இடத்தில் உள்ள பாடல் தவறுதலாக இரண்டாம் முறை சேர்க்கப்பட்டது. அதை நீங்கள் நீக்க விரும்புகிறீர்கள்.

அதே வேளையில் சமையலறையில் இருக்கும் தங்கை, 2ஆம் இடத்தில் உள்ள பாடலை நீக்குகிறாள். அவளுடைய கட்டளை முதலில் போய்ச் சேருகிறது. உடனே பின்னால் உள்ள எல்லாப் பாடல்களும் ஓர் இடம் முன்னேறுகின்றன. பாட்டியின் பாடல் இப்போது 5ஆம் இடத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் திரை இன்னும் மாறவில்லை. ‘5ஆம் இடத்தில் உள்ளதை நீக்கு’ என்ற உங்கள் கட்டளை போகிறது. சேவையகம் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாகவே நிறைவேற்றுகிறது. பாட்டியின் பாடல் நீங்கிவிட்டது!

தங்கை தவறு செய்யவில்லை. நீங்களும் தவறு செய்யவில்லை. கணினியும் சொன்னதைத்தான் செய்தது. ஆனாலும் பாட்டி ஏமாந்துபோனார். இரண்டு செயல்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் இத்தகைய பிழையைக் கணினி அறிவியலில் ‘பந்தய நிலை’ என்பார்கள்.

எண் சீட்டு தரும் தீர்வு

அரசாங்க கிளினிக்கில் எண் சீட்டு எடுத்திருப்பீர்கள். உங்கள் சீட்டு 1047 என்றால், முன்னால் இருப்பவர்கள் போகப் போக வரிசையில் உங்கள் இடம் மாறிக்கொண்டே வரும். சீட்டு எண் மட்டும் மாறாது. ‘ஐந்தாவதாக இருப்பவர் வாருங்கள்’ என்று அழைத்தால் குழப்பம் வரும். ‘1047 வாருங்கள்’ என்று அழைத்தால் வராது.

எம்பிடியும் இதையே செய்கிறது. வரிசையில் சேரும் ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் அடையாள எண் தருகிறது. பாடல் வரிசையில் இருக்கும் வரை அந்த எண் மாறாது. ஒரே பாடலை இரண்டு முறை சேர்த்தால் இரண்டு வெவ்வேறு எண்கள் கிடைக்கும். இட எண்ணைச் சொல்லி நீக்குவதற்கு ஒரு கட்டளையும், அடையாள எண்ணைச் சொல்லி நீக்குவதற்கு வேறொரு கட்டளையும் உண்டு.

நல்ல சாளர நிரல் என்ன செய்யும்? நீங்கள் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கினால், ‘5ஆம் இடம்’ என்று சொல்லாமல் ‘47 என்ற அடையாள எண் உள்ள பாடல்’ என்று சொல்லும். தங்கை எதை நீக்கினாலும் 47 அதே பாடல்தான். ஒருவேளை அந்தப் பாடலையே தங்கை முன்பே நீக்கியிருந்தால், ‘அப்படியொரு பாடல் இல்லை’ என்ற பிழைச் செய்தி வரும். வேறொரு பாடல் பலியாகாது.

மின்தூக்கியும் விளக்கும்

இன்னொரு சிக்கலையும் பாருங்கள். வாசலில் பெரியவர் ஒருவர் வந்து வாழ்த்துகிறார். பாட்டை நிறுத்த வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றுகிறது, மாமாவுக்கும் தோன்றுகிறது. இருவரும் இடைநிறுத்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள். பாட்டு ஒரு கணம் நின்று மீண்டும் ஒலிக்கிறது. ஏன்?

அந்தப் பொத்தான் ‘நிலையை மாற்று’ என்று மட்டும் சொல்லியிருந்தால் இப்படித்தான் நடக்கும். முதல் கட்டளை நிறுத்தும், இரண்டாவது கட்டளை ஓட்டும். வீட்டு விளக்கின் விசை இப்படிப்பட்டது. மின்தூக்கியை அழைக்கும் பொத்தான் வேறு மாதிரி. அதை ஒருவர் அழுத்தினாலும் பத்துப் பேர் அழுத்தினாலும் மின்தூக்கி வருவது ஒருமுறைதான்.

எம்பிடியின் இடைநிறுத்தக் கட்டளையோடு 1 என்று சேர்த்து அனுப்பினால் ‘நிறுத்து’ என்று பொருள். 0 என்றால் ‘தொடர்’ என்று பொருள். இருவர் ‘நிறுத்து’ என்று சொன்னாலும் பாட்டு நின்றபடியே இருக்கும். ஒலி அளவும் அப்படித்தான். ‘60 ஆக்கு’ என்பதை எத்தனை முறை சொன்னாலும் 60தான்.

இங்கே இரண்டு விதிகள் கிடைக்கின்றன. எந்த இடம் என்று சொல்லாதீர்கள், எந்தப் பொருள் என்று சொல்லுங்கள். ‘மாற்று’ என்று சொல்லாதீர்கள், எந்த நிலை வேண்டும் என்று சொல்லுங்கள். பலர் பகிரும் எந்தக் கணினி அமைப்புக்கும் இவை பொருந்தும். இணையத்தில் பணம் செலுத்தும்போது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பொத்தானைத் தெரியாமல் இருமுறை அழுத்தினாலும் பணம் இருமுறை போகாமல் தடுக்க அத்தகைய எண் உதவும்.

யாருக்கு எவ்வளவு உரிமை?

எம்பிடியை நிறுவும்போது, அதே கணினியிலிருந்து மட்டுமே கட்டுப்படுத்த முடியும்படி அது அமைக்கப்பட்டிருக்கலாம். வீட்டில் உள்ள மற்றக் கருவிகளுக்கும் திறந்துவிட, அமைப்புக் கோப்பில் முகவரியை மாற்ற வேண்டும். திறந்துவிட்டால், உங்கள் வைஃபையில் இணைந்த விருந்தினர்களும் உள்ளே வரலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எனவே எம்பிடியில் உரிமைகளைப் பிரித்துத் தரலாம். பார்க்க மட்டும் உரிமை, பாடல் சேர்க்க உரிமை, கட்டுப்படுத்த உரிமை, நிர்வகிக்க உரிமை என்று வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் வைக்கலாம். ஆனால் அந்தக் கடவுச்சொல் மறையாக்கம் செய்யப்படாமல் வெறும் எழுத்தாகவே வலையில் போகும். ஆகவே மின்னஞ்சலுக்கோ வேறு கணக்குக்கோ பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். இந்தச் சேவையை வீட்டு வலைக்கு வெளியே திறந்துவிடவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் ஒலி அளவை 40 ஆக்குகிறீர்கள், மாமா 70 ஆக்குகிறார். கணினிக்கு இருவர் சொல்வதும் சரியான கட்டளைதான். கடைசியாக வந்தது நிற்கும். இதைத் தீர்க்க எந்த அடையாள எண்ணாலும் முடியாது. எழுந்து போய் மாமாவிடம் கேட்பதுதான் வழி.

வகுப்பில் செய்து பாருங்கள்

கணினி இல்லாமலேயே இதைச் சோதிக்கலாம். 8 அட்டைகளில் 8 பாடல் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் பின்புறமும் ஓர் அடையாள எண் இடுங்கள். ஒரு மாணவர் சேவையகம். அவர் அட்டைகளை வரிசையாக மேசையில் அடுக்கட்டும். மேலும் இருவர் கிளையண்ட். அவர்கள் வரிசையையும் அடையாள எண்களையும் தாளில் குறித்துக்கொண்டு, மேசைக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். இருவரும் ஆளுக்கொரு நீக்கும் கட்டளையை எழுதித் தரட்டும். முதல் சுற்றில் இட எண்ணைப் பயன்படுத்துங்கள். அடுத்த சுற்றில் அடையாள எண்ணைப் பயன்படுத்துங்கள். சீட்டுகளைப் படிக்கும் முறையை முன்பின்னாக மாற்றியும் பாருங்கள். எந்தச் சுற்றில் தவறான அட்டை போனது?

சிந்திக்க இரு கேள்விகள்

1. ஒலிக்கும் பாடல் பிடிக்காமல் இருவர் ஒரே நேரத்தில் ‘அடுத்தது’ என்று அழுத்தினால் என்ன நடக்கும்? அதைத் தவிர்க்க, சாளர நிரல் எந்த விவரத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும்?

2. ‘ஒலியை 5 கூட்டு’, ‘ஒலியை 65 ஆக்கு’ ஆகிய இரண்டில் மின்தூக்கிப் பொத்தானைப் போன்றது எது? ஏன்?

விடைகளை நண்பர்களோடு விவாதியுங்கள். அடுத்த விருந்தில் பாட்டுப் போடும் பொறுப்பு உங்களிடம் வந்தால், பாட்டியின் பாடல் பத்திரமாக இருக்கட்டும்.