பழைய கருவி, படிக்கட்டுப் பாதை

கேள்வி: ஆஸ்பத்திரிகள் கழித்த டெஃபிப்ரிலேட்டர்களை (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவிகளை)த் திருப்பதி அலிபிரிப் பாதையில் வைத்தால் என்ன? (வாசகர், சித்தூர்)

பதில்: வைக்கலாம், ஆனால் எல்லாம் உதவாது. டாக்டர் கையால் இயக்கும் வகை அங்கே வெறும் பெட்டி. துடிப்பைத் தானே கணித்து, பேசி வழிநடத்தும் ஏ.இ.டி.தான் வேண்டும். அதற்கு வயது மட்டுமே தடையில்லை. பேட்டரி மாற்றிச் சோதிக்க வேண்டும். மார்பில் ஒட்டும் பட்டைகளின் பசை சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். அந்த மாடலுக்குப் புதுப் பட்டை கிடைக்காவிட்டால் காயலான் கடைக்குத்தான் போடவேண்டும்.

அலிபிரியில் சுமார் 3,550 படிகள். இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்த ஆளில்லாவிட்டால், மின்னதிர்ச்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். அடிவாரத்தில் ஒன்றை வைத்துப் பூட்டி, சாவியை அதிகாரியிடம் கொடுத்தால் (நம் ஊர் வழக்கம் அதுதானே!) யாருக்கு லாபம்? பாதையோரக் கடைக்காரர்களுக்கே கருவியைக் காட்டி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தவும் பழக்குங்கள்.